சொல் வந்த வழி – 7: இரண்டு தடவை பிறந்த சொல்

இலக்கியச் சொல் அகராதி எதிலும் ‘பில்டுங்ஸ்ரோமான்’ என்ற பதிவைப் புரட்டினால் விளக்கம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். இளைஞன் ஒருவன் வீட்டைவிட்டுக் கிளம்புகிறான். ஊர் ஊராகத் திரிகிறான். நட்பிலும் காதலிலும் தொழிலிலும் அடிபடுகிறான். கடைசியில் தன்னையும் உலகத்தையும் ஒருவாறு புரிந்துகொண்டு தனக்குரிய இடத்தில் வந்து அமர்கிறான். முதல் எடுத்துக்காட்டு, கதே 1795-96இல் வெளியிட்ட ‘வில்ஹெல்ம் மைஸ்டர் தொழில் பழகிய ஆண்டுகள்’. இதுவரை சண்டையில்லை. சொல்லை ஆக்கியவர் யார் என்று வரும்போதுதான் பழைய நூல்களும் புதிய நூல்களும் பிரிகின்றன. பழையவை வில்ஹெல்ம் டில்தை என்ற மெய்யியலாளரின் பெயரையும் 1870 என்ற ஆண்டையும் தரும். புதியவை கார்ல் மோர்கன்ஸ்டெர்ன் என்று, ஆய்வாளர்களுக்கு வெளியே யாரும் கேள்விப்பட்டிராத ஒரு பேராசிரியரைச் சொல்லி, 1819 அல்லது 1820 என்று போடும். தவறு ஒன்று திருத்தப்பட்டது, அவ்வளவுதான் என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தச் சொல் மெய்யாகவே இரண்டு தடவை பிறந்தது. முதல் பிறப்பில் அது வாசகனையும் சேர்த்துக் குறித்தது. இரண்டாவது பிறப்பில் வாசகன் வெளியே போனான்; அந்த இடத்துக்கு ஒரு நாட்டின் வரலாறு வந்து சேர்ந்தது. இந்த நாவல் வகையைப் பற்றி இருபதாம் நூற்றாண்டு முழுக்க நடந்த வாதங்களில் பெரும்பகுதி இந்த இடமாற்றத்தின் விளைவு என்பதுதான் இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வருவது.

முதலில் சொல்லின் முன்பாதி. ‘பில்டு’ என்றால் உருவம், படிமம். அதிலிருந்து வந்த ‘பில்டுங்’ உருவாவதையும் உருவாக்குவதையும் ஒருசேரக் குறிக்கும். 1300ஐ ஒட்டி வாழ்ந்த மாய்ஸ்டர் எக்கார்ட் போன்ற மறைஞானியர், இறைவனின் உருவத்தை ஆன்மா தன்னுள் பதித்துக்கொள்வதைப் பேச இச்சொற்குடும்பத்தைக் கையாண்டார்கள். பிற்பாடு ஜெர்மன் கிறித்தவப் பக்தி இயக்கத்தார் கையிலும் அது புழங்கியது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரான ஷாஃப்ட்ஸ்பரியை ஜெர்மனில் பெயர்த்தவர்கள், மனிதனுக்கு உள்ளே இருக்கும் வடிவத்தைப் பற்றிய அவருடைய கருத்துக்கு இதே சொல்லைப் பயன்படுத்தியபோது, அது வழிபாட்டிலிருந்து நல்லொழுக்கத்துக்கும் ரசனைக்கும் இறங்கி வந்தது. பிறகு எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு தள்ளுதல். கோட்டிங்கனில் யோஹான் ஃப்ரீட்ரிக் ப்ளூமன்பாக் என்ற மருத்துவ அறிஞர், நன்னீரில் வாழும் பச்சைநிறச் சிற்றுயிரான பாலிப்பை வெட்டி வெட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்டிய துண்டு திரும்ப முழு உயிராக வளர்ந்தது. ஆனால் முன்னிருந்த அளவுக்கு வளராமல் சிறுத்தே வளர்ந்தது. உள்ளதைக் கொண்டு முழு வடிவத்தை எட்டிவிடத் துடிக்கும் ஓர் உந்துதல் உயிர்ப்பொருளுக்குள் இருக்கிறது என்று முடிவு கட்டி, 1781இல் அதற்கு ‘பில்டுங்ஸ்ட்ரீப்’, அதாவது உருவாக்க உந்துதல் என்று பெயரிட்டார். கான்ட் அதைப் பாராட்டினார். கதேக்கும் அது பிடித்தமான கருத்து. ஆக, நாவலோடு ஒட்டுவதற்கு முன்பே இந்தச் சொல்லுக்குள் இறைவனின் உருவமும் இருந்தது, வெட்டுப்பட்ட பாலிப்பும் இருந்தது.

ஆனாலும் அது ஊரார் பேசும் சொல்லாக இருக்கவில்லை. 1784இல் மோசஸ் மெண்டெல்சோன் ‘பெர்லின் மாத இதழில்’ எழுதிய கட்டுரையின் தொடக்கத்திலேயே, அறிவொளி, பண்பாடு, பில்டுங் ஆகிய மூன்றும் ஜெர்மனுக்குப் புதிதாக வந்து சேர்ந்தவை, இப்போதைக்கு நூல் வழக்கில் மட்டுமே உள்ளவை என்று குறிப்பிடுகிறார். இருபத்தைந்து ஆண்டுகளில் நிலைமை தலைகீழ். 1809இல் பிரஷ்ய அரசின் கல்விப் பொறுப்பை ஏற்ற வில்ஹெல்ம் ஃபான் ஹும்போல்ட், பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை இந்த ஒரு கருத்தைச் சுற்றியே சீர்திருத்தம் செய்தார். 1810இல் பெர்லின் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. நூல் வழக்கில் மட்டும் இருந்த சொல் அரசாங்கக் கோப்புக்குள் வந்துவிட்டது. ஒரு நாவல் வகைக்குப் பெயர் வைக்கக் கிளம்பிய பேராசிரியருக்கு இந்த முன்பாதி கையெட்டும் தூரத்தில் கிடைத்தது என்பதில் வியப்பில்லை.

வியப்பு, அது நடந்த இடத்தில். பெர்லினிலோ வைமாரிலோ இல்லை; ரஷ்யப் பேரரசின் லிவோனிய மாநிலத்தில், தோர்பாத்தில். இன்று எஸ்தோனியாவில் தார்த்து என்ற பெயரில் இருக்கும் ஊர் அது. ஸ்வீடன் மன்னன் குஸ்தாவ் அடால்ஃப் காலத்தில் 1632இல் தொடங்கப்பட்டு இடையில் மூடிக்கிடந்த பல்கலைக்கழகத்தை, முதலாம் அலெக்சாண்டர் ஆட்சியில் 1802இல் மறுபடி திறந்தார்கள். ஆட்சி ரஷ்யருடையது, பாடம் ஜெர்மனில், சுற்றிலும் வயலில் கேட்கும் பேச்சு எஸ்தோனிய மொழி. திறந்த அதே ஆண்டில் மக்டபுர்க்காரரான மோர்கன்ஸ்டெர்ன் அங்கே வந்து சேர்ந்தார். 1770இல் பிறந்தவர், ஹாலே பல்கலைக்கழகத்தில் ஹோமர் ஆய்வில் பேர்போன ஃப்ரீட்ரிக் ஆகுஸ்ட் வோல்ஃபின் மாணவர், பிளேட்டோவின் ‘குடியரசு’ பற்றி நூல் எழுதியவர். தோர்பாத்தில் அவருக்குக் கிடைத்த பதவியின் பெயரே நீளம்: சொல்வன்மை, செவ்வியல் மொழியியல், அழகியல், இலக்கிய வரலாறு, கலை வரலாறு எல்லாம் அவர் தலையில். போதாக்குறைக்கு நூலகமும் அவர் பொறுப்பு. குன்றின்மேல் இடிந்து கிடந்த பேராலயத்தின் ஒரு பகுதியை எடுத்துக் கட்டி அதில் புத்தகங்களை அடுக்கினார்கள். மீதிப் பகுதி கூரையில்லாத செங்கல் சுவராக அப்படியே நின்றது, இன்றும் நிற்கிறது. பல்கலைக்கழகத்தின் கலை அருங்காட்சியகத்தை 1803இல் தொடங்கியவரும் அவரே.

இங்கே, ஜெர்மன் இலக்கியத்தின் ‘புயலும் உந்துதலும்’ இயக்கத்தைப் பேசும்போது சந்திக்க வேண்டிய ஒருவரை அழைத்தாக வேண்டும். அந்த இயக்கத்துக்குப் பெயர் கொடுத்த 1776ஆம் ஆண்டு நாடகத்தை எழுதிய ஃப்ரீட்ரிக் மக்ஸிமிலியன் கிளிங்கர், பிற்காலத்தில் ரஷ்யப் படையில் உயர் தளபதியாகி, 1803 முதல் 1817 வரை தோர்பாத் பல்கலைக்கழகத்தின் மேற்பார்வையாளராகவும் இருந்தார். கலகக்கார இளைஞன் காலப்போக்கில் கல்வி அதிகாரியான கதை. மெய்யியல் நாவல்கள் பத்து கொண்ட வரிசை ஒன்றை அவர் திட்டமிட்டிருந்தார். 1810 டிசம்பர் 12 அன்று மோர்கன்ஸ்டெர்ன் ஆற்றிய சொற்பொழிவு அந்த நாவல் வரிசையைப் பற்றியது. அது 1817இல் அச்சேறியபோது அதில் ‘பில்டுங்ஸ்ரோமான்’ என்ற சொல் இருக்கிறது. மேலதிகாரியின் நாவல்களைப் புகழ்ந்து பேசிய இடத்தில் இந்தச் சொல் முதன்முதலில் தலைகாட்டுகிறது என்பதை இலக்கிய வரலாறு பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் அங்கே அது போகிற போக்கில் வந்த சொல். அதை எடுத்து வரையறுத்தது ஒன்பது ஆண்டு கழித்து, 1819 டிசம்பர் 12 அன்று, ‘பில்டுங்ஸ்ரோமானின் இயல்பு பற்றி’ என்ற சொற்பொழிவில். மறு ஆண்டே அது தோர்பாத்தில் வெளிவந்த இதழ் ஒன்றில் அச்சானது. மூன்றாவதாக, அவ்வகை நாவலின் வரலாற்றைப் பற்றிய சொற்பொழிவு 1824இல் அச்சானது. டிசம்பர் 12 என்பது பழைய ரஷ்ய நாட்காட்டியில் பேரரசர் அலெக்சாண்டரின் பிறந்தநாள் என்பதையும் சேர்த்து நினைவில் வைத்தால், கேட்டுக்கொண்டிருந்த கூட்டம் எப்படிப்பட்டது என்பது ஓரளவு கண்முன் வரும்.

அந்தக் கூட்டத்துக்கு அவர் என்ன சொன்னார்? முதலில் காவியத்தையும் நாவலையும் பிரித்தார். காவிய நாயகன் வெளியே செயல்பட்டு உலகை மாற்றுகிறவன். நாவலிலோ மனிதரும் சூழலும் நாயகன்மேல் செயல்பட்டு அவன் உள்ளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவாக்குவதைக் காண்கிறோம் என்றார். பிறகு வரையறை. அதற்கு இரண்டு கால்கள். ஒன்று, இந்நாவல் தன் பொருளால் இப்பெயருக்கு உரியதாகிறது: நாயகனின் பில்டுங் தொடங்கி, வளர்ந்து, ஒருவகை நிறைவை எட்டுவதுவரை அது காட்டுகிறது. இரண்டு, அப்படிக் காட்டுவதனாலேயே வாசகனின் பில்டுங்கை மற்ற எந்த நாவல் வகையையும்விட விரிவாக வளர்க்கிறது. பின்வந்த நூல்கள் அநேகமாக எல்லாம் முதல் காலை மட்டும் வைத்துக்கொண்டன. இரண்டாவது கால், மேடைப் பேச்சுக்காக ஒட்டவைத்த அலங்காரம் என்று ஒதுக்கப்பட்டது.

அது அலங்காரம்தானே என்று கேட்பவருக்கு ஒரு நியாயம் உண்டு. இலக்கியம் இன்பமும் தர வேண்டும், பயனும் தர வேண்டும் என்பது ஹொராஸ் காலத்துப் பாட்டு. லத்தீன் பேராசிரியர் ஒருவர் அதைத் திரும்பப் பாடியதில் புதுமை என்ன? புதுமை ‘காட்டுவதனாலேயே’ என்ற இடத்தில் இருக்கிறது. பழைய பயன்வாதத்தின்படி கதை ஒரு சர்க்கரைப் பூச்சு, உள்ளே நீதி. மோர்கன்ஸ்டெர்ன் நீதியைப் பற்றி இங்கே பேசவில்லை. நாயகன் படிப்படியாக உருவாவதைப் படிப்படியாகப் பின்தொடரும் செயலே வாசகனை உருவாக்குகிறது என்கிறார். அதாவது பயன், கதையின் வடிவத்தில் இருக்கிறது. முடிவில் வரும் புத்திமதியில் இல்லை. காலத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாதிரியாரும் ஆசிரியரும் நாவல் படிக்கும் வெறி இளைஞரைக் கெடுக்கிறது என்று ஓயாமல் புலம்பினார்கள். கிரேக்கமும் லத்தீனும் சொல்லிக்கொடுக்க வந்த ஒருவர் பல்கலைக்கழக மேடையில் நாவலைப் பேசுபொருளாக எடுத்தால், நாவல் படிப்பவனுக்கு என்ன ஆகிறது என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பதிலைத்தான் அவர் சொல்லுக்குள்ளேயே வைத்தார்.

இதற்கு வெளிச்சான்றும் உண்டு, அதுவும் அதே மாதத்தில். 1819 டிசம்பரில் ஹோஃப்மன் எழுதிய ‘பூனை முர்ரின் வாழ்க்கை நோக்கு’ முதல் தொகுதி வெளிவந்தது. படித்த பூனை ஒன்று தன் வரலாற்றை எழுதுகிறது. மை ஒற்றவும் அடியில் வைத்து எழுதவும், யோஹன்னஸ் க்ரைஸ்லர் என்ற இசைக்கலைஞனின் வரலாற்று நூலிலிருந்து தாள்களைக் கிழித்துக்கொள்கிறது. அச்சகத்தார் அந்தத் தாள்களையும் சேர்த்து அச்சிட்டுவிடுகிறார்கள். அதனால் பூனையின் கதை பாதி வாக்கியத்தில் அறுந்து க்ரைஸ்லர் கதை தொடங்கும், அது அறுந்து மறுபடி பூனை வரும். இரண்டாம் தொகுதியில் ஒரு பகுதிக்கு முர் வைக்கும் தலைப்பு, ‘தொழில் பழகிய மாதங்கள்’. கதேயின் தலைப்பில் ஆண்டை மாதமாக்கினால் பூனை ஆயுளுக்குச் சரியாகிவிடுகிறது. நமக்கு முக்கியம் முன்னுரை. தன் வரலாற்றை உலகுக்கு ஏன் தருகிறேன் என்று அங்கே முர் சொல்கிறது: பெரும்பூனையாகத் தன்னை உருவாக்கிக்கொள்வது எப்படி என்று உலகம் கற்றுக்கொள்ளட்டும் என்பதற்காகவாம். ‘உருவாக்கிக்கொள்வது’ என்ற இடத்தில் ஜெர்மனில் இருப்பது பில்டுங்கின் வினைச்சொல். பால்டிக் மாநிலத்தில் பேராசிரியர் மேடையில் இலக்கணம் வகுத்துக்கொண்டிருந்தபோதே அந்த இலக்கணத்தின் இரண்டாவது காலை பெர்லினில் ஒருவர் கேலி செய்துவிட்டார். ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதியிருக்க வழியில்லை. நாயகன் உருவாவது வாசகன் உருவாவதற்கே என்ற எண்ணம் அன்று காற்றில் இருந்தது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

காற்றில் இருந்தது என்றால் சொல்லுக்கு என்ன பெருமை என்று இன்னொரு ஆட்சேபம் எழும். பொருள் முன்பே இருந்ததே! வீலாண்டின் ‘அகாத்தோன்’ 1766-67இல் வந்துவிட்டது. அதை வைத்தே ப்ளாங்கன்பர்க் 1774இல் நாவல் பற்றிய தன் பெரிய நூலை எழுதி, நாவலின் சாரம் மனிதனின் உள்வரலாறு என்று நிறுவினார். கார்ல் ஃபிலிப் மோரிட்ஸின் ‘ஆன்டன் ரைசர்’ 1785 முதல் 1790 வரை பகுதி பகுதியாக வந்தது. ஆசிரியரே அதை உளவியல் நாவல் என்று அழைத்தார். உண்மைதான். ஆனால் ப்ளாங்கன்பர்க் பேசியது நல்ல நாவல் என்றால் எப்படியிருக்க வேண்டும் என்பதை. நாவலுக்குள் ஒரு தனி வகையைப் பிரித்து அதற்குப் பெயரிட்டு, மற்ற வகைகளைவிட அது எதில் உயர்ந்தது என்று சொன்னது மோர்கன்ஸ்டெர்ன். பெயர் வந்த பிறகுதான் ‘இது அந்த வகையில் சேருமா’ என்ற கேள்வியே பிறக்கிறது. நல்லதோ கெட்டதோ, அந்தக் கேள்வியை உண்டாக்கியது சொல்தான்.

முதல் பிறப்பை ஒரேயடியாகப் பாராட்டிவிடவும் முடியாது. வாசகனின் பில்டுங் என்றார், சரி, எந்த வாசகன்? லிவோனியாவில் பண்ணையடிமை முறை ஒழிக்கப்பட்டது அதே 1819ஆம் ஆண்டில்தான். விடுதலை வந்தது, நிலம் வரவில்லை. நிலம் ஜெர்மன் பிரபுக்களிடமே இருந்தது. மண்டபத்தில் உட்கார்ந்திருந்தது ஜெர்மன் படித்தவர்கள். வெளியே இருந்த எஸ்தோனியக் குடியானவன் மோர்கன்ஸ்டெர்னின் வரையறைக்குள் வரவேயில்லை. இருந்தும் அந்த வரையறையில் ஒரு திறந்த கதவு இருந்தது. வாசிக்கத் தெரிந்த எவனும் உள்ளே வரலாம். எந்த நாட்டில் பிறந்தான் என்று அது கேட்கவில்லை. இரண்டாவது பிறப்பில் மூடப்பட்டது இந்தக் கதவு.

இடையில் சொல் உறங்கியது. எல்லைப்புற ஊரின் சிறு இதழ்களை வாங்கிப் படித்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! மோர்கன்ஸ்டெர்ன் 1852இல் தோர்பாத்திலேயே இறந்தார். இந்த நாவல் வகையைப் பற்றி அந்தக் காலத்தில் சொல்லப்பட்ட மிகக் கூர்மையான வார்த்தைகள்கூடச் சொல்லைப் பயன்படுத்தாமலே சொல்லப்பட்டவை: ஹெகல் தன் அழகியல் விரிவுரைகளில், உலகத்தோடு மோதப் புறப்பட்ட நாயகன் எவ்வளவு ஆடினாலும் கடைசியில் ஒரு பெண்ணும் ஓர் உத்தியோகமும் கிடைத்து மற்றவரைப் போலவே சராசரிக் குடும்பஸ்தனாகிவிடுகிறான் என்று நக்கலடிக்கிறார். பிறகு 1870இல் டில்தை, இறையியலாளர் ஷ்லையர்மாகரின் வாழ்க்கை வரலாற்றின் முதல் தொகுதியை வெளியிட்டார். அதில் ‘வில்ஹெல்ம் மைஸ்டர்’ வழிவந்த நாவல்களை பில்டுங்ஸ்ரோமான் என்று அழைக்க விரும்புகிறேன் என்று, தானே பெயர் சூட்டுகிறவர் தோரணையில் எழுதினார். மோர்கன்ஸ்டெர்ன் பெயர் அங்கே இல்லை. எங்கேயாவது படித்து மறந்தாரா, தானாகவே கூட்டினாரா என்று துப்பறிவதில் பெரிய பயனில்லை. ஜெர்மனில் இரண்டு பெயர்களை ஒட்டிப் புதுச்சொல் செய்வது எளிது. ஒரே சொல்லை இருவர் தனித்தனியே செய்யலாம். பார்க்க வேண்டியது, அவர் கையில் சொல் எதைக் குறித்தது என்பதை.

அதற்கு 1906இல் வந்த ‘அனுபவமும் கவிதையும்’ என்ற நூலில் ஹோல்டர்லின் பற்றிய கட்டுரைக்குப் போக வேண்டும். சொல்லை உலகறியச் செய்த பக்கங்கள் அவை. மகிழ்ச்சியான விடியலில் இளைஞன் வாழ்வுக்குள் நுழைகிறான். ஒத்த உள்ளங்களைத் தேடுகிறான். நட்பையும் காதலையும் சந்திக்கிறான். உலகின் கடுமையோடு மோதுகிறான். முதிர்ந்து, தன்னைக் கண்டடைந்து, தன் பணி எது என்று உறுதிகொள்கிறான். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி மதிப்பு உண்டு, ஒவ்வொன்றும் அடுத்ததற்கு அடித்தளம். இன்றைய அகராதி விளக்கம் முழுவதும் இங்கிருந்து எடுத்ததுதான். இதில் வாசகன் எங்கே? இல்லை. அந்த இடத்தில் ஒரு வரலாற்று விளக்கம் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மனி சிறு சிறு அரசுகளாகச் சிதறிக் கிடந்தது. அதிகாரிகளும் படையும் இளம் எழுத்தாளர்களுக்கு அந்நிய சக்தியாகத் தெரிந்தார்கள். பொதுவாழ்வில் இடமில்லாததால் தனிமனித வாழ்வின் வட்டத்துக்குள் தன்னை வளர்த்துக்கொள்வதே வழியாயிற்று. அதன் வெளிப்பாடு இந்நாவல் என்கிறார் டில்தை. நாவல், வாசகனுக்குச் செய்வதைச் சொல்லும் பெயராக இருந்தது போய், ஒரு சமுதாயம் எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி சொல்லும் பெயராயிற்று.

டில்தையை நாட்டுவெறியர் என்று யாரும் இதை வைத்துச் சொல்லிவிடக் கூடாது. அவர் செய்தது விளக்கம். அதில் புகழ்ச்சியைவிட வருத்தமே கூடுதல். ஆனால் எழுதப்பட்ட காலம் தன் வேலையைச் செய்தது. 1871இல் பேரரசு அமைந்துவிட்டது. சிறு அரசுகளின் குறைபாட்டால் பிறந்த வடிவம் என்று அவர் விளக்கியதை, ஜெர்மன் உள்ளத்துக்கே உரிய வடிவம் என்று அடுத்த தலைமுறை எடுத்துக்கொண்டது. முதல் உலகப்போர் நடக்கும்போது தாமஸ் மன் அப்படித்தான் பேசினார்: சமூக நாவல் மேற்கத்தியருடையது, உள்வளர்ச்சி நாவல் ஜெர்மானியருடையது என்று. அதே மன் சில ஆண்டுகளில் குடியரசு பக்கம் திரும்பி, 1924இல் ‘மாய மலை’யை வெளியிட்டு, இந்த வடிவத்தை மதித்தும் பகடி செய்தும் ஒரே நேரத்தில் எழுதினார் என்பது வேறு கதை. 1926இல் மெலிட்டா கெர்ஹார்ட், கதே வரையிலான ஜெர்மன் வளர்ச்சி நாவல் பற்றி நூல் எழுதியபோது ‘என்ட்விக்லுங்ஸ்ரோமான்’ என்ற பக்கத்துச் சொல்லை அகலமான பொருளில் வைத்து, பில்டுங்ஸ்ரோமானை அதன் உட்பிரிவாக்கினார். வளர்ச்சி, கல்வி, உருவாக்கம் என்று மூன்று பெயர்களுக்கு வேலி போடும் வழக்கு அன்றிலிருந்து ஓய்ந்தபாடில்லை.

வாசகனைக் கழித்த வரையறைக்கு வந்த பெரிய ஆபத்து இனிமேல்தான். டில்தையின் அளவுகோலை வைத்துக்கொண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல்களை ஒவ்வொன்றாக அளந்தால் என்ன மிஞ்சும்? அமெரிக்க ஜெர்மனியல் அறிஞர் ஜெஃப்ரி சாமன்ஸ் 1981இல் இதைத்தான் கேட்டார்; காணாமல்போன பில்டுங்ஸ்ரோமானின் மர்மம் என்று கட்டுரைக்குத் தலைப்பே வைத்தார். விரல்விட்டு எண்ணினால் இரண்டோ மூன்றோதான் தேறும் என்பது அவர் வாதம். கெல்லரின் ‘பச்சை ஹைன்ரிக்’ 1854-55இல் முதலில் வந்தபோது நாயகன் தன்னைக் கண்டடையாமலே செத்துப்போகிறான். 1879-80 பதிப்பில்தான் ஆசிரியர் அவனைப் பிழைக்கவிட்டார். ஏன், மூலநூலான ‘வில்ஹெல்ம் மைஸ்டர்’ மட்டும் தேறிவிடுமா? வணிகன் மகனான வில்ஹெல்ம், நாடகக் குழுவோடு அலைகிறான். பிரபுவாகப் பிறந்தவனுக்கே முழு ஆளுமை வாய்க்கும், நம்மைப் போன்ற நகரத்தானுக்கு மேடை ஒன்றே வழி என்று மைத்துனன் வெர்னருக்குக் கடிதம் எழுதுகிறான். அந்த வழி தவறு என்று கடைசியில் தெரிகிறது. கோபுரச் சங்கம் என்ற மறைவான கூட்டம் ஒன்று இத்தனை நாளும் தன்னைக் கண்காணித்து வந்ததை அறிகிறான். கோபுர அறையில் சுருள் சுருளாகக் கையெழுத்துகள். அவற்றில் அவனுடைய பழகு ஆண்டுகளும் ஒரு சுருள். தொழில் பழகி முடித்ததற்கான சான்றிதழைக் கையில் கொடுக்கிறார்கள். அதைச் சங்கத்தைச் சேர்ந்த யார்னோ பிற்பாடு வாசித்துக்காட்டும்போது, இந்த விசித்திர வார்த்தைகள் போதும், ஏற்கெனவே குழம்பியிருக்கிறேன் என்று வில்ஹெல்ம் பொறுமையிழக்கிறான். சான்றிதழ் வந்துவிட்டது, தெளிவு வரவில்லை. முடிவில் நத்தாலியாவை அவன் அடைவதைக்கூட, கழுதை தேடப்போய் அரசைக் கண்டெடுத்த பைபிள் சவுலின் கதையாகத்தான் நண்பன் சொல்கிறான். 1910இல் ஸூரிக்கில் இந்நாவலின் முந்தைய வடிவம் கையெழுத்துப் படியாகக் கிடைத்தபோது, அதில் நாடகமே நாயகனின் வாழ்க்கைப்பணியாகத் தலைப்பிலேயே இருந்தது. கதே நடுவழியில் திட்டத்தையே மாற்றியிருக்கிறார்.

சாமன்ஸின் சான்றுகளோடு எனக்குச் சண்டையில்லை. அதிலிருந்து வரும் முடிவோடுதான். நாயகன் நிறைவை எட்டினானா என்று மட்டும் பார்த்தால் இந்த வகை கரைந்து போகிறது, சரி. ஆனால் அது டில்தையின் பாதி வரையறைக்கு வந்த தோல்வி. வாசகனையும் சேர்த்த முழு வரையறையில் வில்ஹெல்மின் குழப்பமே நாவலின் வேலை. அவனுக்கு வாசித்துக்காட்டப்பட்டு அவனால் கேட்க முடியாத சான்றிதழை நாம் கேட்கிறோம். கோபுரச் சங்கத்தாரைப் போல அவனை வெளியிலிருந்தும், அவனைப் போலவே உள்ளிருந்தும் பார்க்கிறோம். அவன் எட்டாத இடத்துக்கு வாசகன் வந்து சேர்வதற்கு வடிவம் இடம் கொடுக்கிறது. இப்படிச் சொன்னால் எந்த நல்ல நாவலும் இந்த வகையாகிவிடாதா என்பார்கள். ஆகாது, மோர்கன்ஸ்டெர்ன் முதல் காலை எடுத்துவிடவில்லை. ஒருவன் உருவாவதைக் கதையின் முதுகெலும்பாக வைத்திருக்க வேண்டும், அந்த வழியாகவே வாசகன் உருவாக வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் பெயர். ‘போரும் அமைதியும்’ வாசகனை எவ்வளவு மாற்றினாலும் இதில் வராது.

ஜெர்மனிக்கு வெளியே சொல் போன கதை சுருக்கமானது. கார்லைல் 1824இலேயே ‘வில்ஹெல்ம் மைஸ்டரை’ ஆங்கிலமாக்கிவிட்டார். ஆனால் அதன் ஆங்கில உறவினர்களைப் பட்டியலிட்டு சூசன் ஹோ நூல் எழுதியது 1930இல். சோவியத் நாட்டில் மிக்கையில் பக்தின் இந்நாவல் வகைபற்றி எழுதிய பெரிய நூலின் கையெழுத்து போரில் பதிப்பகத்தோடு அழிந்தது. மிஞ்சிய வரைவுத் தாள்களைப் புகையிலை சுருட்டப் பயன்படுத்திவிட்டார் என்று சொல்வார்கள். 1986இல் இத்தாலியரான ஃப்ராங்கோ மொரெட்டி, ஜேன் ஆஸ்டினையும் ஸ்டெந்தாலையும் பால்சாக்கையும் இதே பெயரின்கீழ் கொண்டுவந்து, இளமை என்பதே நவீன காலத்தின் அடையாளம் என்று வாதிட்டார். கதவு மறுபடி திறந்தது. ஆனால் திறந்தவர்களில் பலரும் கையில் வைத்திருந்தது டில்தையின் சாவி.

மோர்கன்ஸ்டெர்னைத் தூசி தட்டி எடுத்தவர் ஃப்ரிட்ஸ் மார்ட்டினி, 1961இல், சொல்லின் வரலாறு பற்றிய ஒரு நீண்ட கட்டுரையில். 1819ஆம் ஆண்டுச் சொற்பொழிவு ஆங்கிலத்தில் கிடைக்க 2009 ஆயிற்று. ஆண்டைத் திருத்திக்கொண்ட அகராதிகள் வரையறையைத் திருத்திக்கொள்ளவில்லை. திருத்தினால் என்ன மாறும் என்பதற்கு ஸ்டிஃப்டரின் ‘பின்கோடை’ நல்ல சோதனை. 1857இல் மூன்று தொகுதிகளாக வந்தது. மழை வரும் என்று நினைத்து ரோஜாக் கொடி படர்ந்த வீடொன்றில் ஒதுங்குகிறான் ஹைன்ரிக் ட்ரெண்டார்ஃப், மழை வராது என்கிறார் வீட்டுக்கார முதியவர், வரவில்லை. அதற்குமேல் பெரிதாக எதுவும் நடப்பதும் இல்லை. பளிங்குத் தரை கீறாமலிருக்க வந்தவர்கள் கம்பளிக் காலணி மாட்டிக்கொள்ளும் அந்த வீட்டின் படிக்கட்டில் ஒரு பளிங்குச் சிலை நிற்கிறது. பலமுறை அதைக் கடந்து போயிருந்தும், வெகுகாலம் கழித்து ஒருநாள்தான் அதன் அழகு ஹைன்ரிக்கின் கண்ணில் படுகிறது. ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்கிறான். நீங்களாகவே பார்ப்பீர்கள் என்று காத்திருந்தேன் என்கிற பொருளில் முதியவர் பதில் சொல்கிறார். டில்தையின் அளவுகோலில் இந்நாவல் தடுமாறும். நாயகன் உலகத்தோடு மோதவேயில்லை. மோர்கன்ஸ்டெர்னின் அளவுகோலில் கேள்வி வேறு: முதியவர் ஹைன்ரிக்கிடம் காட்டிய பொறுமையை நாவல் வாசகனிடம் காட்டுகிறதா, அவன் அதைத் தாங்குவானா? நாடகாசிரியர் ஹெப்பல் 1858இல் மதிப்புரை எழுதியபோது, இதைக் கடைசிவரை படிக்கிறவருக்கு போலந்தின் மணிமுடியையே தரலாம் என்றார். நீட்சேயோ, திரும்பத் திரும்பப் படிக்கத் தகுந்த மிகச் சில ஜெர்மன் உரைநடை நூல்களில் இதையும் ஒன்றாக வைத்தார். இருவரில் யாரும் மோர்கன்ஸ்டெர்னின் பெயரைச் சொல்லவில்லை. இருவருமே சொன்னது நாயகனைப் பற்றியல்ல, படிப்பவனைப் பற்றி.

(தொடரும்)